பதிவுத் தபாலில் போன சந்தேகம்

ஸ்ரீரங்கம், மேலூர் ரோடு
9.2.2025

அன்புத் தங்கை இளவேனிலுக்கு,

அக்கா அனுசுயா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்துக்குப் பதில் போடு. இருமல் நின்றதா? பெங்களூரில் இன்னும் குளிர்கிறதா?

உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது. இப்போது மறுபடியும் பேனாவைப் பிடிக்க வைத்துவிட்டாய். போன வாரம் போனில் உன் கம்பெனி கிராபிக்ஸ் கார்டைப் பற்றி வாயைத் திறந்தேன். "அக்கா, இதைப் போன்ல பேச வேணாம். வாட்ஸ்அப்லயும் வேணாம். லெட்டரா எழுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடி கத்திரிக்காய் விலையைக் கேட்டாய். உன் போனுக்குள் கம்பெனிக்காரன் ஏதோ போட்டு வைத்திருக்கிறானாமே. எனக்குச் சந்தேகம் அந்தக் கத்திரிக்காயிலேயே ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், நீ வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆனபோது, திரையில் படத்தை வேகமாக ஓட்டும் உன் கம்பெனி கார்டு ஒன்றை உன் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தாய். அது இப்போது திருவெறும்பூரில் தாஜுதீன் பாய் பட்டறையில், உன் மாமா வேலை செய்யும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவருக்கு விழித்திரை தேய்ந்துகொண்டே வருவது உனக்குத் தெரியும். டிராயிங்கை எட்டு மடங்கு பெரிதாக்கி, மவுஸால் நகர்த்தி நகர்த்தித்தான் படிக்கிறார். அந்தக் கார்டு சரியாக ஓடியவரை ஒரு குறையும் இல்லை.

டிசம்பரில் பெரிய ஃபாக்டரிக்காரர்கள், பழைய சிஸ்டம் வைத்திருக்கும் பட்டறைக்கு ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாய் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பழையதை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போடச் சொன்னார். போட்டவன் அம்மா மண்டபம் ரோட்டில் கடை வைத்திருக்கும் சரவணன். அன்றிலிருந்து மவுஸ் நகர்ந்து ஒரு நொடி கழித்துத்தான் திரை நகர்கிறது. கண் தெரிகிறவர்களுக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். உன் மாமாவுக்கு எந்த எண் எந்தக் கோட்டுக்கு என்றே குழம்பிவிடுகிறது.

சரவணனைப் பிடித்துக் கேட்டேன். கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்க டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டுமாம். உன் கம்பெனி இந்தக் கார்டுக்கு டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. எங்கெங்கோ இருக்கிற நாலு பேர் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்கிற மாதிரி ஓப்பன் சோர்ஸ் டிரைவர் ஒன்றைச் சும்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் படம் வருகிறது, வேகம் வரவில்லை. "கார்டு நடக்குதுக்கா. ஓடறதுக்குக் கம்பெனி விட மாட்டேங்குது" என்கிறான்.

நான் வேலை பார்க்கிற பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எந்த மெஷின் வந்தாலும் டிராயிங் கூடவே வரும். டிராயிங் வராத மெஷினுக்கு ஸ்டோரில் கையெழுத்தே போட மாட்டார்கள். உன் கம்பெனி மட்டும் ஏன் மூடி மூடி வைக்கிறது? எதை மறைக்கிறீர்கள்? நீ அந்த டிரைவர் பிரிவிலேயே இருப்பவள். ஒளிக்காமல் சொல்.

அன்புடன்,
அக்கா அனுசுயா

நகல்: என் கோப்புக்கு.
(சிரிக்காதே. தொழிற்சங்கத்துக்காக மனு எழுதி எழுதி வந்த பழக்கம். நகல் எடுக்காமல் நான் ஒரு காகிதமும் அனுப்புவதில்லை.)


பெங்களூரு
24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. மாமாவின் கண்ணை இந்த மாதம் ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா? டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை அக்கா. ஒரு டிரைவரில் எங்கள் ஆட்கள் எழுதியது பாதி என்றால், வெளியாரிடம் உரிமை வாங்கிச் சேர்த்தது மீதி. அதை ஊருக்குத் திறந்து காட்ட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. வாடகைக்குக் குடியிருப்பவன் சுவரை இடிக்க முடியாது இல்லையா, அதுபோலத்தான். திறப்பதாக இருந்தால் முதல் வரியிலிருந்து புதிதாக எழுத வேண்டும். ஏழு வருஷப் பழைய கார்டுக்காக அதைச் செய்ய எந்த மேனேஜரும் ஆள் ஒதுக்க மாட்டார்.

புதுக் கார்டு ஒன்று அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. மாமாவுக்கு இது உடனே உதவும்.

அன்புத் தங்கை,
இளவேனில்


ஸ்ரீரங்கம்
3.3.2025

அன்புள்ள இளவேனிலுக்கு,

நலம். கண் ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் போனோம். தேய்மானம் கூடவில்லை, இதே நிலையில் இருந்தால் பத்து வருஷம் வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பார்ப்பதற்கு வேலை இருக்க வேண்டும், அதுதான் இப்போது கவலை.

புதுக் கார்டு வேண்டாம். இருக்கிற கார்டு கெட்டுப்போகவில்லை. உன் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. பூட்டைத் திற என்றால் வேறு வீடு வாங்கித் தருகிறேன் என்கிறாய். அதையும் ஏழு வருஷம் கழித்துப் பூட்ட மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

உன் வாடகை வீட்டுக் கதையைச் சரவணனிடம் சொன்னேன். (கடிதத்தைக் காட்டவில்லை, சொன்னேன்.) அவன் சிரித்துவிட்டான். "யாருக்கா அவங்க டிரைவரைக் கேட்டா? டிரைவர் நம்மகிட்ட இருக்கு. கார்டுக்குள்ள வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்ன ஃபைல் போகணும். அதுல கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து இருந்தாத்தான் கார்டு ஏத்துக்கும். அந்த ஒரு ஃபைலைத்தான் கேக்குறோம். ஒரு போட்டோ அளவுகூட இருக்காது" என்றான்.

சைக்கிள் கடைக்காரனுக்குச் செயின் தெரிவது போல அவனுக்கு இது தெரிகிறது. உனக்குத் தெரியாமல் இருக்குமா? நான் கேட்டதற்குப் பக்கத்தில் இருக்கிற வேறு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாய். எங்கள் ஃபோர்மேன்கள் செய்கிற வேலை அது. இருபது வருஷமாக நான் பார்க்காததா?

அந்த ஃபைலைப் பற்றி ஏன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை?

அனுசுயா

நகல்: என் கோப்புக்கு.


பெங்களூரு
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன்.

சரவணன் சொல்வது சரி. அந்த ஃபைல்தான் பூட்டு. அது ஏன் வந்தது என்று சொல்கிறேன். குறைந்த விலைக் கார்டின் உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி, விலை கூடின கார்டு என்று பெயர் ஒட்டி விற்கிற கூட்டம் ஒன்று இருந்தது. வாங்கி ஏமாந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒருவர் பையனின் படிப்புக்காக நகையை வைத்து வாங்கியிருந்தார். அவர் எழுதிய புகாரை நான் படித்தேன். அதைத் தடுக்கத்தான் கையெழுத்து இல்லாத எதையும் கார்டு ஏற்கக் கூடாது என்று வைத்தார்கள். கெட்ட எண்ணத்தில் வைத்ததல்ல.

பிறகு அது மற்றவர்களுக்கும் வசதியாகிவிட்டது. சட்டப் பிரிவுக்கு, எதைத் திறந்தாலும் யாராவது "இது எங்கள் முறை" என்று வழக்குப் போடுவார்கள் என்ற பயம். விற்பனைப் பிரிவுக்கு, பழைய கார்டு நன்றாக ஓடினால் புதிய கார்டை யார் வாங்குவார்கள் என்ற பயம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஃபைலைக் கொடுக்க நுட்ப ரீதியில் ஒரு தடையும் இல்லை. கொடுப்பது என்று முடிவானால் அரை நாள் வேலை.

இதற்கு மேல் கேட்காதே. கொஞ்ச நாள் பொறு. பொறு என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே அக்கா, மாமாவைத் தவிர.

இளவேனில்


ஸ்ரீரங்கம்
27.4.2025

அன்புள்ள இளவேனிலுக்கு,

நாங்கள் உடம்புக்கு நலம். மனசுக்கு இல்லை.

சமயபுரம் தேர் முடிந்த மறு வாரம் பட்டறையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. தகட்டில் துளையின் அளவு 16 மி.மீ. என்பதை உன் மாமா 18 என்று படித்துவிட்டார். திரை தாமதமாக நகர்ந்ததில், மேல் கோட்டின் எண் கீழ்க் கோட்டுக்குப் போய்விட்டது. நாற்பது தகடும் ஃபாக்டரி வாசலிலிருந்து திரும்பி வந்தது. தாஜுதீன் பாய் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "பாலு, நீங்க என் தம்பி மாதிரி. தீபாவளி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இது சரியாகலைன்னா, பேக்கிங் பக்கம் வந்துருங்க" என்றாராம். இருபத்திரண்டு வருஷம் டிராயிங் போட்ட மனுஷன், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது. உன் மேல் கோபமும் வந்தது.

அரை நாள் வேலை என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அரை நாள் வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பது? "வைத்தார்கள்", "சொல்ல மாட்டார்கள்" என்றே எழுதுகிறாயே, அந்தப் பிரிவில் நீ யார்? வைத்தவர்களில் நீயும் உண்டா, இல்லையா? சம்பளம் உயர்ந்தது, வீடு வாங்கினாய், சந்தோஷம். அதற்கும் இந்தப் பூட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

அனுசுயா

நகல்: என் கோப்புக்கு.


பெங்களூரு
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நலமாகப் பார்த்துக்கொள். ஆடிப்பெருக்குக்கு வருகிறேன். காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன். அதுவரை பொறு.

இளவேனில்


ஸ்ரீரங்கம்
5.8.2025

இளவேனிலுக்கு,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

ஆடிப்பெருக்குக்கு நீ வரவில்லை. அம்மா மண்டபத்தில் நிற்க இடமில்லாத கூட்டத்தில், உனக்கும் சேர்த்துக் காப்பரிசி கிளறி எடுத்துக்கொண்டு பதினொரு மணி வரை நின்றேன். "அவசர வேலை, மன்னிச்சிருக்கா" என்று ஒரு மெசேஜ். ஞாயிற்றுக்கிழமையில் என்ன அவசர வேலை?

அன்று மத்தியானமே சரவணன் கடைக்குப் போனேன். இந்த மாதிரிப் பூட்டுக்கெல்லாம் காப்புரிமை வாங்கியிருப்பார்கள், அது ஊரறியப் போட்டிருக்கும் என்றான். அமெரிக்கக் காப்புரிமைப் பட்டியலில் உன் கம்பெனி பேரைப் போட்டுத் தேடினோம். கார்டுக்குள் போகும் ஃபைலைக் கையெழுத்து பார்த்து ஏற்கும் முறை என்று ஒன்று வந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். இளவேனில் பிச்சமுத்து.

அப்பா பேரை அமெரிக்கக் காகிதத்தில் பார்த்தேன். பெருமைப்பட வேண்டிய நேரம். சரவணன் கையிலிருந்து மவுஸை வாங்கி, அந்தப் பெயரைப் பெரிதாக்கி இன்னொரு தடவை படித்தேன். சரவணன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "டீ சொல்லவாக்கா?" என்றான். பாவம், வேறு என்ன கேட்பான்?

பூட்டை வைத்தது நீ. சாவி இருப்பது உன்னிடம். மாமா வேலை போகும் நிலை வரும்வரை பொறு, பொறு என்று ஆறு மாதம் என்னை ஏமாற்றியதும் நீ.

நான் பொறுத்தது போதும். இன்று உன் கம்பெனிக்கு மனு போட்டுவிட்டேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. பழைய கார்டுகளுக்கு அந்த ஃபைலைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இணைப்பு இல்லாத மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும். ஆகையால் உன் ஏப்ரல் கடிதத்தின் நகலை வைத்து, "நுட்ப ரீதியில் ஒரு தடையும் இல்லை" என்ற வரியைச் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். பயப்படாதே. உன் பெயர் வரும் இடத்தில் வெள்ளைக் காகிதத்தை ஒட்டித்தான் நகல் எடுத்தேன். அந்த அளவு கருணை எனக்கு உண்டு.

அனுசுயா

இணைப்பு: மனுவின் நகல்.
நகல்: என் கோப்புக்கு.


ஸ்ரீரங்கம்
7.9.2025

இளவேனிலுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

ஒப்புகை அட்டை உன் கம்பெனி முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது. ஆக, மனு போய்ச் சேர்ந்துவிட்டது.

முந்தாநாள் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் என்று உன் பெயர். உள்ளே கடிதம் இல்லை. ஒரு கார்டு, அதுவும் உன் கம்பெனியுடையது அல்ல, போட்டிக் கம்பெனியுடையது. இதற்கு என்ன அர்த்தம்? வாயை அடைக்கவா? இல்லை, கேலியா? பெட்டியை அப்படியே அலமாரி மேல் வைத்துவிட்டேன். "அதைத் தொடக் கூடாது" என்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அலமாரி காலி. மனுஷன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சரவணனிடம் போய், அங்கிருந்து இரண்டு பேருமாகத் திருவெறும்பூர் போயிருக்கிறார்கள். மாட்டி, பத்து நிமிஷத்தில் ஓடிவிட்டதாம். அந்தக் கம்பெனிக்காரர்களே டிரைவரைத் திறந்து லினக்ஸுக்குள் கொடுத்திருக்கிறார்களாம், எதையும் தேட வேண்டியதில்லையாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் உன் மாமா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். "திரை தண்ணி மாதிரி ஓடுது, அனு" என்றார். கேட்க சந்தோஷமாக இருந்தது. ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கே வேலை பார்க்கிற நீ ஏன் அவர்கள் கார்டை அனுப்பினாய்?

அனுசுயா

நகல்: என் கோப்புக்கு.


பெங்களூரு
28.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். மாமா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்ட வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

இப்போது எல்லாவற்றையும் எழுதலாம். காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

பூட்டை வைத்தது நான்தான். மறைத்தது தப்பு. "வைத்தார்கள்" என்று எழுதும்போதே கை கூசியது. ஏமாந்தவர்களின் புகாரைப் படித்துவிட்டு, இரவு பகலாக உட்கார்ந்து செய்த வேலை அது. பாராட்டினார்கள், பதவி கொடுத்தார்கள், வீடு வாங்கினேன். உன் சந்தேகம் அதுவரை சரி.

பிறகு கார்டுகள் பழையதாயின. நிறுத்திவிடலாம் என்றார்கள். நிறுத்துங்கள், ஆனால் அந்த ஃபைலை வெளியே கொடுத்துவிடுங்கள், வேகத்தை மட்டும் திறந்துவிடுவோம், போலி விற்பவனுக்கு உதவாத மாதிரி எழுதித் தருகிறேன் என்று நான் கேட்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. மாமா கண்ணுக்காக மட்டும் அல்ல. நான் வைத்த பூட்டு என்பதால்.

திறக்காததற்குக் காரணம் ஏதோ பெரிய சதி என்று நினைத்தாய் அல்லவா? சதியாக இருந்தால் சண்டை போட ஒரு ஆள் இருந்திருப்பான். இங்கே ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னப் பயம், அவ்வளவுதான். வழக்கு வருமோ, விற்பனை குறையுமோ, கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நம் தலையில் விழுமோ. பழைய கார்டு வைத்திருப்பவனைப் பற்றி மட்டும் யாருக்கும் பயம் இல்லை. அதனால் அவன் கோப்பு எப்போதும் அடியில். போட்டிக் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள் என்பதால் திறக்கவில்லை. அவர்கள் இரண்டாம் இடத்தில் இருந்தார்கள், விற்க வேண்டும் என்றால் திறந்து காட்ட வேண்டியிருந்தது. முதலிடத்தில் இருப்பவனுக்கு அந்த அவசியம் வரவில்லை.

ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கினேன். இந்த வருஷம் ஜூலையில் எல்லோரும் சரி என்றார்கள். தலைமை அலுவலக வக்கீல்கள் கடைசியாகப் பன்னிரண்டு கேள்வி அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு அன்று, அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 14ஆம் தேதி கையெழுத்து என்று நாளும் குறித்தாகிவிட்டது. வெளியே வரும்வரை வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதனால்தான் "பொறு".

பதினோராம் தேதி காலையில் மாடிக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் உன் மனு. கூடவே சிவப்புக் கோட்டோடு என் கடிதம். சட்டப் பிரிவில் ஜாஸ்லின் என்று நாகர்கோவில் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தாள். என் பெயருக்கு மேல் நீ ஒட்டிய வெள்ளைக் காகிதம் ஒழுங்காகத்தான் இருந்தது அக்கா. ஆனால் மனுவின் முதல் வரியில் நீ வழக்கம்போல எழுதியிருந்தாய்: "அனுசுயா, தகப்பனார் பெயர் பிச்சமுத்து." கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் எந்த மனுவிலும் நீ புருஷன் பேரைப் போடமாட்டாய், அப்பா பேரைத்தான் போடுவாய். அது எனக்கு எப்போதும் பிடிக்கும். "நம்ம ஆபீஸ்ல பிச்சமுத்துன்னு எத்தனை பேர் இருக்காங்க?" என்று ஜாஸ்லின் மெதுவாகக் கேட்டாள். ஒரே ஒருத்திதான்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அவள்தான் எனக்காகப் பேசினாள். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே இருந்து கடிதம் வெளியே போயிருக்கிறது, இப்போது திறந்தால் மிரட்டலுக்குப் பணிந்தது போலாகும் என்று அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள். அது இப்போது யார் மேஜையிலும் இல்லை.

மாற்றல் உத்தரவு வந்த வாரம் எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போய் அந்தக் கார்டை வாங்கினேன். பில் போடும்போது கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். உனக்குக் கடிதம் எழுத அன்று முடியவில்லை. கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இளவேனில்


ஸ்ரீரங்கம்
19.10.2025

என் இளவேனிலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டார். பிறகு, "ஏம்மா, சந்தேகப்பட்டா பட்டுட்டுப் போ. அதை ஏன் ரிஜிஸ்டர் தபால்ல போட்ட?" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இருபது வருஷத்தில் என் மனுவால் கேன்டீனுக்கு மின்விசிறி வந்திருக்கிறது, பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்திருக்கிறது. மேலே இருப்பவன் எதையாவது ஒளிக்கிறான் என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் எழுதினேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அந்தத் திமிரில் மேலே நின்றவள் நீ என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒன்பது நாள். நான் ஒன்பது நாள் பொறுத்திருந்தால் போதும். நினைத்து நினைத்து அழுகிறேன். மன்னித்துவிடு என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

என் மனுவுக்கு உன் கம்பெனி பதில் போட்டிருக்கிறது. நாலே வரி. கருத்துக்கு நன்றி, அந்தக் கார்டுகளுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, எங்கள் புதிய கார்டுகளைப் பாருங்கள். கீழே பத்து சதவீதம் தள்ளுபடிக் கூப்பன்.

மாமா வேலை நிலைத்துவிட்டது. பாய் நேற்று போனஸோடு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, "டிராயிங் டேபிளை ஜன்னல் பக்கம் மாத்திருவோமா பாலு?" என்று கேட்டாராம். பேக்கிங் பேச்சையே எடுக்கவில்லையாம்.

ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டும். மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உன் பழைய கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருபது இருக்கிறதாம். யாரோ தானமாகக் கொடுத்தது. எல்லாம் ஆமை வேகம். அந்த வாத்தியார் சரவணன் கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சரவணன், "அக்கா, நம்ம மனுவுக்குப் பதில் வந்துச்சா? சாரும் அதுக்குத்தான் காத்திருக்கார்" என்றான். வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாய் வரை வந்தது. "அந்தக் கதவு திறக்க இருந்துச்சு சார். நான் போய் இடிச்சதுல சாத்திட்டாங்க" என்று சொன்னேன். வாத்தியாருக்குப் புரியவில்லை. சரவணனுக்குப் புரிந்தது. அவன் இந்த முறை டீ சொல்லவாக்கா என்று கேட்கவில்லை.

நாளைக்குத் தீபாவளி. நீ வரமாட்டாய் என்று தெரியும். கோபம் தீர்ந்த பிறகு வா. தீராவிட்டாலும் வா. இங்கே வந்து என்னைத் திட்டு.

உன் அக்கா,
அனுசுயா

இணைப்பு: உன் கடிதங்கள் நான்கு, என் நகல்கள் ஐந்து, மனுவின் நகல், ஒப்புகை அட்டை. கோப்பில் இருந்தது அவ்வளவும்.
நகல்: இல்லை.